பாங்காக்கில் முதுகுப்பையோடு: கேட்டவர்களுக்குப் பதில்

முதுகுப்பையோடு பாங்காக் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கோயில், ஆறு, சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன்.

அண்ணா, அரண்மனைக்குக் காலையில் போகலாமா, மாலையிலா?

காலையிலேயே போய்விடுங்கள். எட்டரைக்குத் திறப்பார்கள், மூன்றரைக்கு டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் 500 பாட் (தாய்லாந்துப் பணம்). தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். அரண்மனைக்குள் இருக்கும் கோயிலில் மரகத புத்தர் 66 செ.மீ. உயரம்தான். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒரு உடை, அதை மன்னரே மாற்றுவார். எல்லோரும் அந்தப் புத்தரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் அந்தக் கோயிலின் பிரகாரச் சுவரைச் சுற்றி நடங்கள். அங்கே 178 ஓவியங்களில் ராமாயணம் இருக்கிறது. நமக்குப் பிரம்மச்சாரியான அனுமன் அங்கே கடல்கன்னியைக் காதலிக்கிறான். ஒரு மணி நேரமாவது அதற்கு ஒதுக்குங்கள்.

முக்கியமான விஷயம். வாசலுக்கு முன்னால் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, 20 பாட் கொடுத்தால் டுக் டுக்கில் வேறு கோயில்களைக் காட்டுவார்கள்" என்பார். அந்த வண்டி கடைசியில் நகைக்கல் கடையில்தான் போய் நிற்கும். முதல் முறை போனபோது நானும் ஏறினேன், அரை நாள் போயிற்று. திறந்திருக்கிறதா இல்லையா என்பதை டிக்கெட் கவுண்டர் வரை போய் நீங்களே பாருங்கள்.

டாக்சி வேண்டாம், சிக்கனமாகச் சுற்ற வழி சொல்லுங்கள்.

ஆறுதான் வழி. சபான் தக்சின் ரயில் நிலையத்தின் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி போட்ட படகில் ஏறுங்கள், ஊர்க்காரர்கள் போவது அதில்தான். பயணிகளுக்கென்று தனிப் படகுக்கு அதே துறையில் கூவிக் கூவி டிக்கெட் விற்பார்கள், விலை அதிகம். தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களைப் பாருங்கள். அங்கிருந்து சிறு படகில் அக்கரை போனால் வாட் அருண் கோயில். மாலையில் இக்கரைக்குத் திரும்பி வந்து வாட் அருண் கோபுரத்தைப் பார்க்க வேண்டும்.

சேன் சேப் கால்வாய்ப் படகையும் விட்டுவிடாதீர்கள். நடத்துனர் படகின் வெளி விளிம்பில் கயிற்றைப் பிடித்து நடந்தபடியே டிக்கெட் கொடுப்பார். எதிரே படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர்கள் தார்ப்பாயைக் கயிறு போட்டு இழுத்துத் தண்ணீரைத் தடுக்க வேண்டும்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை தங்கச்சி. "ஜே" என்ற சொல் போதும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாக அது கடைகளில் தொங்கும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூட இல்லை. வெறும் "காய்கறி" என்று கேட்டால் மீன் சாறான நாம் ப்ளாவை ஊற்றிவிடுவார்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

இதையே ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது?

வருகைப் படிவத்துக்குப் பணம் கேட்கிறார்களே?

போலித் தளம். 2025 மே முதல் வந்திருக்கும் மின்னணுப் படிவம் இலவசம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் நிரப்புங்கள்.

வேப் (மின்சிகரெட்) கொண்டு போகலாமா?

கூடாது. அங்கே அது சட்டவிரோதம்.

சார், தாய்லாந்தில் திருவெம்பாவை பாடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். அரசவைப் பிராமணர்கள் நடத்தும் விழாவின் பெயரே திரியம்பவாய். அதோடு சேர்ந்து வருவது திரிபவாய், அதாவது திருப்பாவை. நம் மார்கழியை ஒட்டியே வருகிறது. பாடுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது, ஓசை மட்டும் வழிவழியாக வந்திருக்கிறது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அது சமஸ்கிருத மந்திரம். எல்லாவற்றையும் தமிழ் என்று சொல்லாதீர்கள்.

சமஸ்கிருதம் அங்கே நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. அயுத்தயா அயோத்திதான், பாங்காக்கின் தாய்லாந்துப் பெயரான குருங் தேப்பில் இருப்பது தேவ என்ற சொல்தான். ஆனால் இந்த விழாவின் இரண்டு பெயர்களும் தமிழ்ப் பாவைப் பாட்டின் பெயர்கள். அவற்றுக்கு வேறு மூலம் தேட வேண்டியதில்லை. அந்தப் பிராமணர்களில் பலருடைய குடும்பங்கள் தெற்கே நக்கோன் சி தம்மராத், பத்தலுங் பகுதிகளிலிருந்து வந்தவை. நம் கடற்கரையோடு பழைய தொடர்புள்ள பக்கம் அது.

அப்படியானால் தாய்லாந்து மொழியே தமிழிலிருந்து வந்ததுதானே?

இல்லை. அது தாய்-கடாய் மொழிக் குடும்பம், தமிழ் திராவிடம். ஒரு நல்ல உண்மையைப் பொய்யோடு சேர்த்துக் கெடுக்காதீர்கள்.

பாங்காக்கில் இருக்கும் ராட்சத ஊஞ்சலுக்கும் இந்த விழாவுக்கும் என்ன தொடர்பு?

இதே விழாவில்தான் அதில் ஆடினார்கள். உயரத்தில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வ வேண்டும். விபத்துகள் நேர்ந்தன, 1935-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது நிற்பது 2007-இல் புதிதாக நாட்டிய தேக்குத் தூண்கள். மாணிக்கவாசகர் பொன்னூசலும் பாடியவர். அதன் அடியில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இதை ஆதாரம் என்று சொல்லமாட்டேன்.

பட்டாயா பற்றிச் சொல்லுங்களேன்.

அதற்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

அண்ணா, அரண்மனை வாசலில் ஒருவர் மூடியிருக்கிறது என்றார்...

தம்பி, முதல் பதிலைப் படியுங்கள். திறந்துதான் இருந்திருக்கும்.

அந்தப் பிராமணர் கோயிலைப் பார்க்க முடியுமா?

முடியும். ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பெயர் தேவஸ்தான், 1784-இல் கட்டியது. சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதிகள். சுற்றுலாக் கூட்டம் அங்கே வருவதில்லை. அன்று மாலையே சீலோம் பக்கம் போனால் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.