ராத்தல் கணக்கு

அன்புள்ள அண்ணா,

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள லீட்ஸில் வசிக்கிறேன். எங்கள் யார்க்‌ஷயர் டெரியர் நாய்க்கு 3 வயது, எடை நாலரைக் கிலோ. ‘அசல் யார்க்கி ரெண்டு கிலோவைத் தாண்டாது, இது கலப்பு’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? இப்போதைக்குச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறோம்.

— ஒரு வாசகர்

தம்பி,

எதற்கெடுத்தாலும் அசலைத் தேடும் பைத்தியத்தைப் பற்றிச் சில நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் இருப்பதே அந்த நாயின் சொந்தச் சீமை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி யார்க்‌ஷயர் ஆலைகளுக்கு வந்த நெசவாளிகள், எலி பிடிக்கும் சின்ன டெரியர்களையும் கூட்டிவந்தார்கள். அவை உள்ளூர் நாய்களோடு சேர்ந்து உண்டான இனம் இது. அப்புறம் எங்கே கலப்பில்லாத யார்க்கி?

ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்று ஒரு நாய். 1865இல் பிறந்தது, உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பிராட்ஃபோர்டில் மேரி ஆன் ஃபாஸ்டர் வளர்த்தார். நாய்க் கண்காட்சியிலும் ஜெயித்தது, எலி பிடிக்கும் போட்டியிலும் ஜெயித்தது. 1871இல் குதிரை வண்டியில் அடிபட்டுச் செத்தது. இன்றைய யார்க்கிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். அதன் எடை 9இலிருந்து 12 ராத்தல் (பவுண்டு) என்கிறார்கள், அதாவது நாலு கிலோவுக்கு மேல். உங்கள் வீட்டில் படுத்திருப்பதும் அதே எடைதானே?

பென்னுக்குப் பிறந்த குட்டிகளில் 5 ராத்தலுக்கும் குறைந்தவை இருந்தன. சீமாட்டிகளுக்கு அவைதான் பிடித்தன. பொடிசோடு பொடிசை இணைசேர்த்துச் சேர்த்து எடையை இறக்கினார்கள். இன்று கண்காட்சி விதி 3.2 கிலோவோடு நிற்கிறது. ஆலையில் உழைத்த நாய் மடிக்கு ஏறியதில் எனக்கு வருத்தமில்லை. மடிக்கு வந்ததை அசல் என்றும், உழைத்ததன் அளவில் பிறந்ததைக் கலப்பு என்றும் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. எலியோடு மல்லுக்கட்டிய நாய்க்கு உடம்பில் கொஞ்சம் கனம் வேண்டாமா?

விற்றவர் ஏமாற்றினாரா என்றால், நாயின் இனப் பதிவுத் தாளைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள்.

ஆனால் சாப்பாட்டைக் குறைத்ததைக் கடைசி வரியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை நான் விடமாட்டேன். வளர்ந்த நாயின் எலும்பு பட்டினியால் சுருங்குமா? தசைதான் கரையும். சின்ன இன நாய்கள் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நடுங்கித் தள்ளாடி விழக்கூடும். அடுத்த வீட்டுக்காரர் வாய்க்காக ஒரு ஜீவனைக் காயப்போடுவீர்களா? விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு துருத்தாமல் விரலுக்குத் தட்டுப்பட்டால் எடை சரியாக இருக்கிறது. கொழுப்பு மூடியிருந்தால் மருத்துவர் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்று ராத்திரி முழுச் சாப்பாடு போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.