வாசகர் கேள்வி: செல் இல்லாச் சாற்றில் பச்சை ஏன் ஒளிரவில்லை?

கே: ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து, உயிர்ச்செல் இல்லாமலே புரதம் ஆக்கும் சாறு தயாரித்து, பச்சை ஒளிர் புரதத்துக்கான பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) சேர்த்து 30 டிகிரியில் இரவு முழுக்க வைத்தோம். மூன்று முறையும் ஒளிரவில்லை. சாறு கெட்டுவிட்டதா?
— ஆய்வு மாணவி, காரைக்குடி

ப: சாற்றின் மேல் பழி போடுமுன், வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த பிளாஸ்மிட் ஒன்றை அதே சாற்றில் போட்டுப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் குறை உங்கள் டிஎன்ஏவில்தான். பிளாஸ்மிடைப் பிரித்தெடுக்கும் மினிபிரெப் கிட்டின் முதல் கரைசலிலேயே, ஆர்என்ஏவை அரிக்கும் ஆர்என்ஏஸ் நொதி கலந்திருக்கும். அதில் துளி ஒட்டி வந்தாலும், டிஎன்ஏவிலிருந்து உருவாகிற எம்ஆர்என்ஏவை (புரதத்துக்கான செய்தி நகலை) உடனுக்குடன் அரித்துவிடும். டிஎன்ஏவைத் தூய்மையாக்கும் பிசிஆர் கிளீனப் கிட்டில் இன்னொரு முறை ஓட்டி, நியூக்ளியேஸ் (டிஎன்ஏ, ஆர்என்ஏவை வெட்டும் நொதி) இல்லாத நீரில் இறக்குங்கள். டிஇ பஃபரில் வேண்டாம். அதிலுள்ள ஈடிடிஏ என்ற வேதிப்பொருள், புரதம் உருவாகத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்மிடுக்குப் பதில் பிசிஆரில் பெருக்கிய நேர்த் துண்டு டிஎன்ஏ போட்டிருந்தால், சாற்றிலுள்ள ரெக்பிசிடி நொதி அதை முனையிலிருந்து தின்றுவிடும். அந்த நொதியை அடக்கும் காம்எஸ் புரதம் சேர்த்தால் தடுக்கலாம்.

இரண்டு பிளாஸ்மிடுமே ஒளிராவிட்டால்தான் சாற்றைப் பார்க்க வேண்டும். செல்களை எப்போது அறுவடை செய்தீர்கள்? 600 நானோமீட்டர் ஒளியில் ஓடி (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 3 ஆகும்போது, செல்கள் வேகமாகப் பெருகும்போதே எடுக்க வேண்டும். இரவு முழுக்க வளர்ந்து ஓய்ந்த செல்லில் புரதம் கோக்கும் ரைபோசோம் குறைவு. அதை எவ்வளவு கவனமாக உடைத்தாலும் பயனில்லை.

அடுத்தது சோனிகேஷன், அதாவது மீயொலியால் செல்லை உடைப்பது. ஈரச் செல் 1 கிராமுக்கு பஃபர் 1 மி.லி.; 10 விநாடி ஓட்டி, 10 விநாடி நிறுத்தி, 1 மி.லி.க்கு மொத்தம் 500 முதல் 600 ஜூல். கருவியின் முனை திரவத்துக்கு மேலே ஏறி நுரை வந்தால் புரதம் கெடும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் பனிக்கட்டி எப்போது கரைந்தது என்றே தெரியாது. வெறும் தண்ணீரில் குழாய் நின்றால் சாறு சூடாகிவிடும், பனியை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு 12,000 ஜியில் (புவியீர்ப்பைப் போல் 12,000 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தைச் சிறு பங்குகளாக்கி மைனஸ் 80ல் வையுங்கள். ஒரு முறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பலர் தவறவிடுவது மக்னீசியம். போன தடவைச் சாற்றுக்குப் பொருந்திய அளவு இந்தத் தடவைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு புதுச் சாற்றுக்கும் மக்னீசியம் குளூட்டமேட்டை 6, 8, 10, 12, 14 மில்லிமோலார் என்று வைத்து, பொட்டாசியம் குளூட்டமேட்டை 130 மில்லிமோலாரிலேயே நிறுத்திச் சோதியுங்கள். 15 மைக்ரோலிட்டர் வினைக்குச் சாறு 4 மைக்ரோலிட்டர், பிளாஸ்மிட் 200 நானோகிராம் போதும்.

கடைசியாகப் பாத்திரம். குட்டிப் பிசிஆர் குழாயில் வைத்தீர்களா? பணியாரக் குழியில் ஊற்றிய மாவுக்கும் தோசைக்கல்லில் பரப்பிய மாவுக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். குறுகிய குழாயில் காற்றுபடும் பரப்பு குறைவு. சாறு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை ஆக்கவும் ஆக்சிஜன் வேண்டும். பச்சைப் புரதம் உருவான பின் ஒளிர்வதற்கும் ஆக்சிஜன் வேண்டும். 1.5 மி.லி. குழாயின் அடியிலோ, பிளேட்டின் தட்டையான குழியிலோ பரவலாக வையுங்கள்.

கே: செல் இல்லாமல் புரதமா? இது புதிதாக வந்த துறையா?
— பள்ளி ஆசிரியர், தேவகோட்டை

ப: வேர் பழையது. உடைத்த ஈஸ்ட்டின் சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று எடுவர்ட் புக்னர் 1897ல் காட்டினார். 1961ல் நிரன்பர்க்கும் மத்தேயும் ஈ.கோலைச் சாற்றில் யூ எழுத்து மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைப் போட்டு, ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே கோத்த சங்கிலியைப் பெற்றார்கள். மரபுக் குறியீட்டின் முதல் சொல் படிக்கப்பட்டது அப்படித்தான்.

கே: இதை உலர்த்திப் பள்ளிக்கு எடுத்துப்போக முடியுமா?
— வாசகி, பள்ளத்தூர்

ப: முடியும். காகிதத்தில் உறைநிலையில் உலர்த்திய வினைக்கலவை, நீர் விட்டதும் வேலை செய்வதை 2014லேயே காட்டிவிட்டார்கள். எதிரி ஈரம்தான். சிலிகா ஜெல் பையோடு காற்றுப் புகாமல் ஒட்டி, நீர் விடும் நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும்.