சொதி ருசித்தது, மனசு குத்துகிறது

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 57 வயது. பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து ஐந்து வருஷம் படுக்கையில் இருந்தார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் போய்விட்டார். மகள் பெங்களூரில், மகன் கோவையில். இரண்டு பேருமே தங்களோடு வந்துவிடச் சொல்கிறார்கள். எனக்குத்தான் இந்த வீட்டை விட்டுக் கிளம்ப மனசில்லை.

அந்த ஐந்து வருஷமும் அவருடைய நேரம்தான் என் நேரம். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன். கடைசி இரண்டு வருஷம் அவரால் விழுங்க முடியவில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. கஞ்சியை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன். ஆனால் வாசனை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். நான் தாளித்தால் அவர் கண் அடுப்படிப் பக்கம் திரும்பும். ஒருநாள் அப்படித் திரும்பிய கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். அன்றோடு வீட்டில் தாளிப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு மோர்ச்சோறும் ஊறுகாயும் போதுமென்று இருந்துவிட்டேன்.

இப்போதும் காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்ததும் கை தானாக மிக்ஸி ஜாரை எடுக்கும். அப்புறம்தான் உறைக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, சொதி வைத்தேன். தேங்காய் துருவி மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, கடைசியில் முதல் பால் ஊற்றி இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தேன். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. எங்கள் மறுவீட்டு விருந்தில் அவர் மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டதை எங்கள் வீட்டில் ரொம்ப வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஞாபகத்தோடு சாப்பிட்டேன். அவ்வளவு ருசி. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். தட்டைப் பார்த்தாள். "மதினி, அண்ணன் போயி ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள சொதி கேக்குதோ?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. அன்று ராத்திரி தூங்கவே இல்லை. அதிலிருந்து எது நன்றாக இருந்தாலும் பின்னாலேயே ஒரு குத்தல் வருகிறது. ரேடியோவில் பழைய பாட்டு போட்டால் இரண்டு வரி கேட்டுவிட்டு அணைத்துவிடுகிறேன். பின்வாசலில் பிச்சி பூத்துக் கொட்டுகிறது, பறிப்பதில்லை. மகள் தினமும் போனில் "சந்தோஷமா இரும்மா" என்கிறாள். அது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவர் வாயில் ஒரு வாய் வைக்க முடியாமல் போனார். நான் ருசித்துச் சாப்பிடலாமா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், ஒரு வாசகி

---

அன்புள்ள அம்மா,

சாப்பிடலாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் அவர் கண் அடுப்படிப் பக்கம் திரும்பிய இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அன்று நீங்கள் ஒரு விரதம் எடுத்திருக்கிறீர்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நாளும் கிழமையும் பார்க்கவில்லை. அவர் ஏங்கக் கூடாதென்று உங்கள் நாக்கைக் கட்டிக்கொண்டீர்கள். அவர் இப்போது அந்தக் கட்டிலில் இல்லை. தாளிக்கிற வாசனை அவரை வருத்தப்போவதில்லை. ஆனால் விரதம் மட்டும் முடியாமல் நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கே தெரியாமல் அதை முடித்துவைத்தீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதுவும் அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிய அதே சொதியோடு. அது அவரை மறந்தவர் செய்கிற சமையலா? நீங்களே சொல்லுங்கள்.

துக்கம் என்றால் ஒரே மூச்சாக அழுது தீர்ப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைப் பற்றி எழுதியது எனக்கு இந்தத் தொழிலில் ரொம்ப உதவியிருக்கிறது. துணையை இழந்தவர் மனசு ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வரும் என்கிறார்கள். ஒரு நேரம் இழப்பின் பக்கம். இன்னொரு நேரம் அன்றாடத்தின் பக்கம்: சமையல், பாட்டு, கரண்ட் பில், பக்கத்து வீட்டுப் பேச்சு. இந்தப் போக்கும் வரவும்தான் மனசு ஆறுகிற வழி. காலையில் மிக்ஸி ஜாரைப் பார்த்து அழுததும், மத்தியானம் சொதியை ருசித்ததும் ஒரே துக்கத்துக்குள் நடப்பவை. நீங்கள் செய்வது என்னவென்றால், அன்றாடத்தின் பக்கம் வரும்போதெல்லாம் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்திவிடுகிறீர்கள்.

அவருடைய மனைவி என்பதோடு, ஐந்து வருஷம் ராப்பகலாக நர்ஸ் வேலையும் பார்த்திருக்கிறீர்கள். ஒரே நாளில் கணவரும் போனார், அந்த வேலையும் போனது. நாலு மணிக்கு உங்களை எழுப்புவது அந்த உடம்புப் பழக்கம். விழிப்பு வந்தால் கட்டிலிலேயே புரண்டு யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். எழுந்து விளக்கைப் போட்டுக் காபி கலந்துகொள்ளுங்கள். டம்ளரின் சூடு கையில் ஏறுவதைக் கவனியுங்கள். முதல் மடக்கை மட்டுமாவது வேறெதுவும் யோசிக்காமல் குடியுங்கள். இவ்வளவு சின்னதாகத்தான் ஆரம்பிக்க முடியும். உங்கள் மகள் சொல்கிற சந்தோஷம் பெரியது, அது ஆர்டர் போட்டு வராது.

"மனசு வந்தால் பாட்டுக் கேட்கலாம், மனசு வந்தால் பூப் பறிக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் மனச்சோர்வு உள்ளவர்களோடு வேலை செய்து இதைத்தான் வலியுறுத்தினார்: பிடித்த காரியங்கள் வாழ்க்கையில் குறையக் குறையச் சோர்வு கூடுகிறது, சோர்வு கூடக் கூட அந்தக் காரியங்கள் இன்னும் குறைகின்றன. அந்தச் சுற்றை அறுக்க, முதலில் காரியத்தைச் செய்ய வேண்டும். மனசு பிறகுதான் வரும், சில நாள் வராமலும் இருக்கும். ரேடியோவில் ஒரு பாட்டு முடிகிறவரை அணைக்காமல் இருங்கள். குத்தல் வரட்டும். அது பாட்டோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கட்டும். பாட்டை மட்டும் நிறுத்த வேண்டாம். பிச்சியைப் பறியுங்கள். தலையில் வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அதில் ஊர் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து. இப்போதைக்கு மனசு ஒப்பவில்லையா, சரி, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அவர் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சாயங்காலம் வாசனை வீடு முழுக்க இருக்கும்.

நாத்தனார் விஷயம். அவளுக்கு அண்ணன் போயிருக்கிறார். அவள் துக்கம் வேறொருவர் தட்டைப் பார்த்துக் கோபமாக வருகிறது. அது நியாயமென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இத்தனை நாள் என்ன சாப்பிட்டீர்கள், ஏன் தாளிப்பதை நிறுத்தினீர்கள் என்பது அவளுக்குத் தெரியுமா? எனக்கு எழுதியதை அவளிடம் ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நாள் முழுக்க மனசு கனத்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதைத் துக்கம் என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போய்ப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். அப்புறம், தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். இவ்வளவு நாள் மோர்ச்சோற்றிலேயே ஓட்டிய உடம்பு அது. சோர்வில் கொஞ்சம் அங்கிருந்தும் வரலாம்.

கடைசியாக, உங்கள் கேள்விக்கே வருகிறேன். போனவருக்குப் பிடித்ததைத்தானே நாம் படையல் போடுகிறோம்? போட்ட பிறகு அதைக் கொட்டிவிடுகிறோமா? எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பிள்ளைகளுக்குக் கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிறோம். இன்னும் மூன்று மாதத்தில் அவருக்கு வருஷத் திதி வரும். மகளும் மகனும் வருவார்கள். முதல் நாளே நாத்தனாரையும் வரச் சொல்லுங்கள். இலையில் சொதி இருக்கட்டும். தேங்காயை அவள் துருவட்டும், பாலை மகள் பிழியட்டும். முதல் பாலை எப்போது ஊற்ற வேண்டுமென்று நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்