கோப்பு இடம் மாறுகிறது, நாற்பதாயிரம் எதற்கு?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். மாத விற்பனை, சரக்கிருப்பு, கூலி எல்லாம் எக்ஸெல் கோப்புகளாக என் கணினியின் டி டிரைவில் உள்ளன. அவற்றிலிருந்து பவர் பிஐ (எண்களைப் படங்களாகக் காட்டும் மென்பொருள்) அறிக்கை வருகிறது. காரைக்குடிக் கடையிலிருக்கும் தம்பியும் கணக்கு ஏற்ற வேண்டும் என்பதால் கோப்புகளைப் பொதுச் சேமிப்பிடத்துக்கு மாற்ற விரும்புகிறேன். அறிக்கையை முதலிலிருந்து செய்ய வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் அதைச் செய்து தந்தவர். உண்மையா?

பதில்: உண்மையில்லை. உங்கள் படங்களும் கூட்டல் கழித்தல்களும் வினவலின் (கோப்பிலிருந்து எண்களை எடுத்துவரும் கட்டளை வரிகள்) பெயரையும் பத்தித் தலைப்புகளையும் நம்பி நிற்கின்றன. கோப்பின் முகவரி வினவலின் முதல் வரியில்தான் இருக்கிறது. அந்த வரியை மாற்ற 40,000 கேட்பவர், பூட்டை மாற்றச் சொன்னால் வீட்டு வளவிலுள்ள பர்மாத் தேக்குத் தூணையும் பிடுங்கிப் போடுவார்.

முதலில் அறிக்கைக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எக்ஸெல் கோப்புகளை நிறுவனத்தின் ஷேர்பாயின்ட் தளத்தில், அதாவது மைக்ரோசாஃப்டின் பொது இணையச் சேமிப்பிடத்தில், ஏற்றுங்கள். ஒருவருடைய ஒன்டிரைவில் (தனிநபரின் இணையச் சேமிப்பிடம்) வைத்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது கணக்கும் போய்விடும். அங்கிருந்தே கோப்பைக் கணினியின் எக்ஸெலில் திறந்து, ஃபைல் பட்டியின் இன்ஃபோ பக்கத்தில் ‘காப்பி பாத்’ கொடுங்கள். கிடைக்கும் முகவரியில் கேள்விக்குறியும் அதற்குப் பின்னால் வருவதும் வேண்டாம், வெட்டிவிடுங்கள். பிறகு பவர் பிஐக்குள் வினவல்களைத் திருத்தும் பகுதியான பவர் கொயரியின் அட்வான்ஸ்டு எடிட்டரில் ‘ஃபைல்.கன்டென்ட்ஸ்’ என்றிருப்பதை ‘வெப்.கன்டென்ட்ஸ்’ என்று மாற்றி, மேற்கோள் குறிக்குள் புது முகவரியை ஒட்டுங்கள். உள்நுழையக் கேட்கும்போது ‘ஆர்கனைசேஷனல் அக்கவுன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

‘சேஞ்ச் சோர்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். அது ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு மாற்ற உதவும். கணினியிலிருந்து இணையத்துக்கு மாற்ற உதவாது. அதைச் சொல்லவும் சொல்லாது. ‘காப்பி லிங்க்’ அதைவிட மோசம். அது தருவது உலாவியில் பார்ப்பதற்கான இணைப்பு; அதைக் கொடுத்தால் பவர் பிஐ கோப்புக்குப் பதில் வலைப்பக்கத்தை வாங்கிக்கொண்டு விழிக்கும். சரியான பொத்தானை ஒளித்துத் தவறானதைக் கண்முன் வைப்பதில் இந்த மென்பொருள்காரர்களுக்கு என்ன இன்பமோ!

பலரும் விழும் குழி இன்னொன்று. கணினியில் மேக அடையாளத்தோடு ஒன்டிரைவ் உறை (ஃபோல்டர்) தெரியும். அதிலிருந்து கோப்பை இணைத்துவிட்டு, ‘பொது இடத்துக்கு மாற்றிவிட்டேன்’ என்று பணம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முகவரி ‘சி:’ என்று தொடங்கினால் அது இன்னும் உங்கள் கணினிதான். தம்பியின் கணினியில் அந்தப் பாதையே இருக்காது.

மாத விற்பனைக்கு மாதம் ஒரு கோப்பாக ஓர் உறையில் போட்டு, உறை முழுவதையும் இணைத்திருந்தால் மேலே சொன்ன வழி செல்லாது. அங்கே ‘ஃபோல்டர்.ஃபைல்ஸ்’ என்றிருக்கும், அதை ‘ஷேர்பாயின்ட்.ஃபைல்ஸ்’ ஆக்க வேண்டும். உறையின் முகவரியைக் கொடுத்தால் பிழை வரும். தளத்தின் பெயரோடு நிறுத்துங்கள். உடனே தளத்திலுள்ள எல்லாக் கோப்புகளும், கூலிக் கணக்கு உட்பட, வரிசை கட்டி வரும். அடுத்த படியிலேயே ‘ஃபோல்டர் பாத்’ பத்தியில் விற்பனை உறையை மட்டும் வடிகட்டுங்கள். இதோடு முடியவில்லை. ‘சாம்பிள் ஃபைல்’ என்ற மாதிரிக் கோப்பு வினவலிலும் பழைய டி டிரைவ் பாதை தனியாக உட்கார்ந்திருக்கும். அங்கும் மாற்றி, அங்கும் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் கூலிக் கணக்கை மாதிரியாக எடுத்துக்கொண்டு, விற்பனைப் பத்திகளைக் காணோம் என்று அழும்.

யாரை வைத்துச் செய்தாலும், கோப்புகள் உங்கள் நிறுவனக் கணக்கில் இருக்க வேண்டும். செய்து தருபவரின் கணக்கில் கூடாது. பர்மாவில் செட்டியார் கடைகள் நடந்த காலத்திலும் கடையைக் கவனித்தவர் முதலாளியின் பிரதிநிதியான மேலாள், பேரேடு முதலாளியுடையது.

எல்லாக் கோப்புகளும் மாறிவிட்டால் கேட்வே (உங்கள் கணினியிலுள்ள கோப்பை இணையத்திலுள்ள அறிக்கையோடு இணைக்கும் மென்பொருள்) தேவையில்லை. ஒன்று டி டிரைவில் மிஞ்சினாலும் தேவை. அறிக்கையை மறுபடி வெளியிட்டு, பவர் பிஐ இணையதளத்தில் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுங்கள். பவர் பிஐயின் ‘புரோ’ உரிமத்தில் நாளுக்கு 8 முறை தானாகப் புதுப்பிக்கலாம். பிறகு பட்டறைக் கணினியை அணைத்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்து அந்த இணையதளத்தில் புதுப்பித்துப் பாருங்கள். எண்கள் வந்தால் டி டிரைவிலுள்ள பழைய கோப்புகளுக்குப் பெயரை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பழக்கதோஷத்தில் யாராவது அதிலேயே நாளைய கூலியை எழுதிவைப்பார்கள்.