வாசகர் கேள்வி: பாராசூட் ஏன் விரியவில்லை?

கேள்வி: எஸ்டஸ் ஆல்பா 3 மாடல் ராக்கெட்டை ஒட்டி முடித்து, பி6-4 மோட்டாரில் ஏவினோம். நேராக மேலே போனது, மூக்குக்கூம்பும் கழன்றது. ஆனால் பாராசூட் சுருண்டபடியே விழுந்தது. என்ன காரணம்?

பதில்: பாராசூட்டைப் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தால், பாராசூட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே சூட்டைத் தடுக்க வைக்கும் வாடிங் தாள் போதவில்லை. பி6-4 என்பதில் 4, உந்துமருந்து தீர்ந்தபின் கழியும் விநாடிகள். அது முடிந்ததும் வெடிக்கும் சிறு மருந்துதான் கூம்பைத் தள்ளுகிறது. அந்தச் சூடு பாராசூட்டைத் தொடவே கூடாது. தீப்பிடிக்காத வாடிங் தாள் நான்கைந்தைத் தளர்வாகக் கசக்கி, குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு நிரப்புங்கள். சாதாரண டிஷ்யூ வேண்டவே வேண்டாம். கனன்றபடி விழுந்து காய்ந்த புல்லைப் பற்றவைத்துவிடும்.

உருகவில்லை என்றால் கோளாறு மடிப்பில்தான். முந்தின இரவே மடித்து வைத்தால் பிளாஸ்டிக்கில் மடிப்பு படிந்துவிடும், குளிர்நாளில் இன்னும் மோசம். ஏவுவதற்குச் சற்று முன் டால்கம் பவுடர் தூவி மடித்து, பாராசூட் நூலைத் தளர்வாக இரண்டே சுற்று சுற்றுங்கள். குழாய்க்குள் அது தானாக வழுக்கி இறங்க வேண்டும். விரலால் குத்தித் தள்ள நேர்ந்தால் பிரித்து மறுபடி மடியுங்கள்.

அடுத்த முறை ஏ8-3 மோட்டார் போடுங்கள். உயரம் குறைவு என்பதால் பாராசூட் வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.