கணபதிதேவருக்கு அப்புறம் யாரு?

அண்ணா வணக்கம். போட்டித் தேர்வுக்கு படிச்சிட்டிருக்கேன். ஒரு நோட்ஸ்ல காகதீயர் (வாரங்கல்ல இருந்து ஆண்ட ராஜவம்சம்) வரிசை கணபதிதேவர், அப்புறம் பிரதாபருத்திரன்னு இருக்கு, ருத்ரமாதேவி பேரனுக்காக ஆட்சிய பாத்துக்கிட்டவங்கதானாம். இன்னொண்ணுல நடுவுல ருத்ரதேவ மகாராஜான்னு ஒருத்தர் வர்றார். எது சரி?

தம்பி, ருத்ரதேவ மகாராஜாவும் ருத்ரமாதேவியும் ஒரே ஆள்தான். முதல் நோட்ஸ்ல இருக்குற அந்த வரிய அடிச்சிடுங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு.

கணபதிதேவர் 1199ல பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆண்டவரு, ஆம்பளப் புள்ள கிடையாது, அதனால உயிரோட இருக்கும்போதே மகள் ருத்ரமாதேவிய கூட வச்சு ஆட்சி பண்ண ஆரம்பிச்சிட்டாரு. 1261 மல்காபுரம் கல்வெட்ட பாருங்க, அப்பா குருவுக்கு வாயால சொல்லியிருந்த மந்தடம் கிராமத்த மகள்தான் முறைப்படி தானமா கொடுக்குறாங்க, கூடவே வெலகபூடியையும் (இப்ப ஆந்திரா தலைமைச் செயலகம் இருக்குதே, அதே ஊர்). அந்த வருமானத்துல பிரசவத்துக்குன்னு தனி இடம், வைத்தியசாலை எல்லாம் நடந்திருக்கு. இதுல பேரன் எங்க வந்தான்? அப்பாகிட்ட இருந்து மகளுக்கு வந்த ஆட்சி அது. புருஷன் வீரபத்ரன் நிடதவோலு சாளுக்கியர், அவரும் ராஜகுலம்தான், ஆனா பட்டம் அவர் பக்கம் போகவே இல்ல.

அப்போ ஏன் ஆம்பளப் பேருன்னு கேப்பீங்க. அந்தக் காலத்துல ராஜாங்குற பதவிக்கு இருந்த பேரும் பட்டமும் எல்லாமே ஆம்பளைக்குன்னு வச்சது, அத அப்படியே எடுத்துக்கிட்டாங்க, பொண்ணுங்கறத மறைக்க இல்ல. வாரங்கல்ல அவங்க காலத்து சிற்பம் ஒண்ணுல சிங்கத்து மேல கத்தியும் கேடயமுமா ஒரு பொண்ணு உக்காந்திருக்கா, ராயகஜகேசரிங்குற (எதிரி ராஜாக்கள்ங்குற யானைகளுக்கு சிங்கம்னு அர்த்தம்) அவங்க பட்டத்த அப்படியே கல்லுல காட்டின மாதிரி. மறைக்கணும்னு நினைச்சவங்க இத செதுக்க விடுவாங்களா?

பிரதாபருத்திரன் அவங்க மகள் மும்மடம்மாவோட பையன். மகள், அப்புறம் மகளோட மகன், ரெண்டு தடவையும் பொண்ணு வழியாத்தான் பட்டம் இறங்கியிருக்கு. பரீட்சையில கணபதிதேவர், ருத்ரமாதேவி, பிரதாபருத்திரன்னே தைரியமா எழுதுங்க.

முடிஞ்சா ஒரு தடவை நல்கொண்டா பக்கம் சந்துபட்லா போயிட்டு வாங்க. 1289ல ருத்ரமாவும் சேனாபதி மல்லிகார்ஜுன நாயக்கரும் சிவசாயுஜ்யம் அடைஞ்சாங்கன்னு (அதாவது இறந்து சிவனோட கலந்துட்டாங்கன்னு) சொல்லி, அவங்க புண்ணியத்துக்காக நிலம் தானம் பண்ணின கல்வெட்டு அங்கதான் கிடைச்சது. அத வெட்டி வச்சது அரண்மனைக்காரங்க யாரும் இல்ல, அந்த சேனாபதிகிட்ட வேலை பாத்த புவ்வுல மும்மடிங்குற ஒரு ஆளு.