கொழுப்புக் கட்டிதானே, எம்டிஎம்2 சோதனை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. தொடைத் தசைக்குள் இருந்த 13 செ.மீ. கொழுப்புக் கட்டியை எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘எஸ்-100 பாசிட்டிவ்’ என்றும், எம்டிஎம்2 பார்க்கும்படியும் இருக்கிறது. புற்றுநோயா? கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னொரு சோதனை வேண்டுமா?

பதில்: எஸ்-100-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். சாதாரணக் கொழுப்புச் செல்லிலும் அந்தப் புரதம் உண்டு. அதை வைத்து நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று பிரிக்க முடியாது.

எம்டிஎம்2 என்ற மரபணுவைப் பார்க்கும் சோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தோலுக்கடியில் நெல்லிக்காய் அளவில் நழுவும் கட்டிக்கு அதை நான் கேட்கவே மாட்டேன். ஆனால் 10 செ.மீ.க்கு மேல் இருந்தால், தசைக்குள் ஆழமாக இருந்தால், அடிவயிற்றின் பின்பக்கம் இருந்தால், எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தால் கட்டாயம் கேட்பேன். இதில் இரண்டு உங்கள் அப்பாவுக்குப் பொருந்துகிறது.

லைப்போசார்கோமா என்ற கொழுப்புத் திசுப் புற்றுநோயில் ஒரு வகை, மைக்ரோஸ்கோப்பில் அசல் கொழுப்பு போலவே தெரியும். கருத்துப் பெருத்த உட்கருவுள்ள செல்கள் நார்த்திசு இழைகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். 13 செ.மீ. கட்டியில் நாங்கள் வெட்டிப் பார்க்கும் துண்டுகளில் அவை சிக்காமலே போகலாம். ஆனால் அந்த வகையில் 12-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி பல மடங்கு பெருகியிருக்கும். எம்டிஎம்2, சிடிகே4 மரபணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53 புரதத்தை எம்டிஎம்2 அழித்துவிடும். புற்றுநோய் அல்லாத சாதாரணக் கொழுப்புக் கட்டியான லைப்போமாவில் இந்தப் பெருக்கம் இருக்காது.

எம்டிஎம்2 புரதத்தைக் காட்டும் இம்யூனோ சாயத்தில் உட்கரு பழுப்பாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அடிபட்டு அழுகிய கொழுப்பைச் சுத்தம் செய்ய வரும் செல்களும் அதே பழுப்பைக் காட்டி ஏமாற்றும். சந்தேகம் இருந்தால், மரபணுவை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் ஃபிஷ் சோதனைதான் முடிவு சொல்லும். அதில் சாதாரண செல்லில் எம்டிஎம்2 புள்ளி இரண்டு தெரியும். பெருகிய செல்லில் புள்ளிகள் கொத்தாக மின்னும்.

அப்பாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் ஆஸ்பத்திரி லேபில் இருக்கும்; ஸ்லைடோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

பெருக்கம் இருந்தாலும் மனம் உடைய வேண்டாம். தொடையில் வரும் இந்த வகை, வேறு வீரியமான வடிவத்துக்கு மாறாதவரை நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவாது. அதே இடத்தில் திரும்ப வரலாம், அதனால் வருடக்கணக்கில் ஸ்கேன் செய்து கண்காணிக்க வேண்டும். பெருக்கம் இல்லை என்றால் பெரும்பாலும் நிம்மதிதான். ஆனால் மிக்சாய்டு லைப்போசார்கோமா என்ற இன்னொரு வகையில் எம்டிஎம்2 பெருகாது. அதற்கு டிடிஐடி3 மரபணுவைப் பார்க்க வேண்டும். ஆகவே ஸ்லைடையும் எம்ஆர்ஐ படத்தையும் இதுபோன்ற சார்கோமா புற்றுநோய்களைப் பார்த்துப் பழகிய பேத்தாலஜிஸ்ட் ஒருவரிடம் சேர்த்தே காட்டுங்கள்.